உப்புச் சுரங்கத்தில் ரப்பரின் சூடு

புக்கரெஸ்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் ஸ்லனிக் வருகிறது. ருமேனியாவின் பிரஹோவா மாவட்டத்துச் சிற்றூர். வழியில் ப்ளோயெஷ்ட்டி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பெயர்போன நகரம், அந்த ஆலைகளுக்காகவே இரண்டாம் உலகப் போரில் குண்டுகளை வாங்கிக் கட்டிக்கொண்ட நகரம். அதைத் தாண்டியதும் சமவெளி முடிந்து குன்றுகள் எழுகின்றன. ஸ்லனிக்குக்கு வருகிறவர்களில் பலர் மூச்சுக்காக வருகிறார்கள். உப்புச் சுரங்கத்துக்குள் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நெஞ்சுக்கு நல்லது என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் வேனில் என்னோடு இருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், கம்பளிச் சட்டை போட்ட குழந்தைகள், அவர்களின் தாய்மார்கள். எங்களுக்கு நடுவில் நீளமான அட்டைப்பெட்டியை மடியில் தாங்கிக்கொண்டு ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் விமானம்.

வேன் சாய்வான பாதையில் மலைக்குள் இறங்கியது. உனிரியா என்று அந்தச் சுரங்கத்துக்குப் பெயர். 1943 முதல் 1970 வரை அங்கே உப்பு வெட்டினார்கள். வெட்டி முடித்த இடத்தில் இப்போது 14 மாபெரும் அறைகள் நிற்கின்றன. குறுக்காக வெட்டிப் பார்த்தால் சரிவக வடிவம். தரையில் 32 மீட்டர் அகலம், உச்சியில் 10 மீட்டர், உயரம் 54 மீட்டர். மேலேயிருந்து இறங்கிய ஆழம் 208 மீட்டர். சுவர்களில் வெள்ளையும் கருஞ்சாம்பலுமாகப் பட்டை பட்டையாக உப்பு ஓடுகிறது. ஒரு பக்கம் உப்பிலேயே செதுக்கிய சிலைகள்: டேசிய மன்னன் டெசெபலும், அவனை வென்ற ரோமப் பேரரசன் டிராஜனும். வென்றவனையும் தோற்றவனையும் ஒரே உப்பில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் தேடி வந்தது இந்தச் சிலைகளை அல்ல, அங்குள்ள காற்றை. கோடையானாலும் பனிக்காலமானாலும் உள்ளே 12 டிகிரி செல்சியஸ்தான். கூரையில் வெயில் படுவதில்லை, அதனால் சூடான காற்று மேலெழும்பி அலைக்கழிப்பதும் இல்லை. உள்ளரங்கில் ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு உலகத்தில் இதைப்போன்ற இடங்கள் மிகச் சில. எஃப்1டி என்ற வகையின் உலகப் போட்டிகள் பலமுறை இங்கே நடந்திருக்கின்றன, 2014லும் 2016லும்கூட. நான் போனபோது போட்டி இல்லை, பயிற்சி. எனக்கு அதுவே வசதி. போட்டி நேரத்தில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறக்கையின் அகலம் 55 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. விமானத்தின் எடை 1.4 கிராமுக்குக் குறையக்கூடாது. ரப்பர் 0.4 கிராமுக்கு மிகக்கூடாது. எல்லாம் சேர்த்தாலும் நம் ஊர் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை வராது. பால்சா மரக் குச்சிகளின் மேல் சோப்புக் குமிழியைப்போல மினுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். புரொப்பெல்லர் மட்டும் இறக்கையோடு போட்டி போடும் அளவுக்குப் பெரியது. நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுப்போல, கண்ணால் எண்ணிவிடலாம். இந்தப் பொருள் அரை மணி நேரம் பறக்கிறது.

அந்த அரை மணி நேரத்துக்கான முழு மூலதனமும் ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் வளையம். நல்ல இயற்கை ரப்பர் கிராமுக்கு ஏறக்குறைய 10 ஜூல் ஆற்றல் தரும். அப்படியானால் 0.4 கிராமுக்கு 4 ஜூல். அதில் 0.9 ஜூல் 50 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதற்கே போய்விடும். மிச்சத்தை வைத்துத்தான் மிதக்க வேண்டும். ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்கு வீணானாலும் அது பறக்கும் நேரத்தில் தெரியும். அதனால்தான் இங்கே பறக்கவிடுவதைவிட முறுக்குவது பெரிய வேலையாக இருக்கிறது.

முறுக்கு மேசையில் ஒரு பெரியவரும், அவருடைய அணியைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். பெரியவர் இங்கிலாந்துக்காரர். முன்பு கார்டிங்டனில் பறக்கவிட்டவர். பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில், ஆர்101 என்ற ராட்சத ஆகாயக் கப்பலைக் கட்டிய கொட்டகைகள் அங்கே இன்னும் நிற்கின்றன. 1930 அக்டோபரில் அந்தக் கப்பல் அங்கிருந்து கிளம்பி, பிரான்சில் விழுந்து எரிந்தது. வெறுமையாகிப்போன கொட்டகையின் உயரத்தைப் பிற்பாடு மாதிரி விமானக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். "அங்கே காலையில் ஒரு ரப்பர், மதியம் வேறொரு ரப்பர்" என்றார் பெரியவர். "வெயில் தகரக் கூரையைச் சுடும். மேகம் வந்தால் குளிரும். ஒரே வளையம், ஒரே எண்ணிக்கைச் சுற்று, ஆனால் முறுக்குவிசையை அளக்கும் டார்க் மீட்டர் வேறு எண் காட்டும். இங்கேதான் ரப்பர் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறது."

அந்தப் பெண் வளையத்துக்குச் சிலிக்கோன் எண்ணெய் தடவி, ஒரு முனையை டார்க் மீட்டரின் கொக்கியில் மாட்டினாள். மறுமுனை அவள் கையிலிருந்த வைண்டரில். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கொக்கி பல முறை சுற்றும் பல்சக்கரக் கருவி அது. ரப்பரை ஆறு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். முதல் பாதிச் சுற்றுகள் மளமளவென்று ஏறின. பிறகு சுற்றிக்கொண்டே அடி அடியாக முன்னே வரத் தொடங்கினாள். நெருங்க நெருங்கக் கை வேகம் குறைந்தது. கடைசியில் ஒரு சுற்று, மீட்டரைப் பார்ப்பது, நிற்பது, இன்னொரு சுற்று. ஆயிரத்தையும் தாண்டிப் போயிற்று எண்ணிக்கை. இந்தக் கடைசி மெதுவுக்குக் காரணம் என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். அறுந்துவிடும் என்ற பயமா?

அவர் பதில் சொல்லாமல் ஓர் அகலமான ரப்பர் வாரைக் கொடுத்தார். "சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள்." வைத்தேன். வெதுவெதுப்பு. "அப்படியே இழுத்துப் பிடித்திருங்கள்." கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், சூடு அடங்கியது. "இப்போது விட்டுவிட்டு மறுபடி வையுங்கள்." ஜில்லென்று இருந்தது.

இந்தச் சோதனைக்கு இருநூறு வயது. இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் ஜான் கஃப் என்றொருவர் இருந்தார். குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கண் இல்லாத அவர் ரப்பரை உதட்டில் வைத்து அது சொல்வதைக் கேட்டார். இழுத்தால் சூடாகிறது; இழுத்த நிலையில் சூடாக்கினால் மற்றப் பொருள்களைப்போல நீளாமல் சுருங்குகிறது. 1805இல் அது அச்சில் வந்தது. 1859இல் இயற்பியலாளர் ஜூல் துல்லியமாக அளந்து பார்த்து, அவர் சொன்னது சரி என்றார். இருவர் பெயரையும் சேர்த்தே இன்று அந்த விளைவைச் சொல்கிறார்கள். பார்வையற்ற ஒருவரின் உதடு பிடித்த உண்மை இந்த விளையாட்டின் அடிவாரத்தில் கிடக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தருகிறது.

ஏன் சூடாகிறது என்பதற்கு விளக்கம் வர 1930கள் ஆயின. இழுக்காத ரப்பரில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு தாறுமாறாகக் கிடக்கின்றன. வெப்பம் அவற்றை ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது. நாம் இழுக்கும்போது அவை ஒரு திசையில் வரிசைப்படுகின்றன. உலுக்கல் அவற்றை மறுபடி சுருளவைக்கப் பார்க்கிறது. கையில் நாம் உணரும் இழுப்பு அந்த உலுக்கல்தான். எஃகு வில்லை முறுக்கினால் நாம் செய்த வேலை அதன் அணுப்பிணைப்புகளுக்குள் தங்குகிறது. ரப்பரில் அப்படித் தங்குவது கொஞ்சம். பெரும்பகுதி அப்போதே வெப்பமாகி வெளியே போய்விடுகிறது. ரப்பரில் மிஞ்சுவது ஓர் ஒழுங்கு மட்டுமே. அந்த ஒழுங்கு குலையும்போது, ரப்பர் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி அதை வேலையாக மாற்றுகிறது.

இதைப் பெரியவர் சொன்ன இடத்தில் நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். அப்படியானால் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விமானம் எதில் பறக்கிறது? முறுக்கியவளின் கை செய்த வேலையின் பெரும்பகுதி மேசையருகிலேயே சூடாகக் கரைந்துவிட்டது. விமானம் பறப்பது இந்தச் சுரங்கத்துக் காற்றின் வெப்பத்தை வாங்கி. 12 டிகிரிக் குளிரிலும் அதற்கு வேண்டிய வெப்பம் இருக்கிறது. முறுக்கியபோது காற்றுக்குக் கொடுத்ததை, பறக்கும்போது ரப்பர் அரை மணி நேரமாகத் திரும்பப் பெறுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முறுக்கும் வேகம் ஏன் முக்கியம் என்பது தானாக விளங்கும். வேகமாக முறுக்கினால் சூடு வெளியேற நேரம் இல்லை. ரப்பர் சூடாகிறது, சூடான ரப்பர் கூடுதலாக இழுக்கிறது, மீட்டர் பெரிய எண் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பி விமானத்தில் மாட்டினால் ஏமாற்றம்தான். ஆறிய பிறகு விசை இறங்கிவிடும். சூட்டைத் தவிர இன்னொன்றும் உண்டு. சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி நழுவி, தமக்கு ஏற்ற இடத்தில் அமர நேரம் வேண்டும். மெதுவாகச் சுற்றினால் முடிச்சுகள் நீளம் முழுதும் ஒரே சீராகப் பரவும், பாரம் ஓரிடத்தில் குவியாது. அவசரப்படுத்தினால் ஏதோ ஒரு புள்ளி மட்டும் தாங்க முடியாத இழுப்பைத் தாங்கும், அங்கே அறும். அந்தப் பெண் கடைசிச் சுற்றுகளில் நின்று நின்று ஏற்றியது இதற்காக.

அதற்காக எல்லையில்லாமல் நிதானிக்கவும் கூடாது. முழுதும் முறுக்கிய ரப்பரைக் கொக்கியில் வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் முள் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் நிமிடத்தில் வேகமாக, பிறகு மெல்ல மெல்ல. அந்த இறக்கத்தில் போனது திரும்ப வராது. சங்கிலிகளின் உள் உராய்வில் கரைந்த ஆற்றல் அது. ஆகவே உச்சத்துக்கு நிதானமாகப் போ, உச்சத்தில் தங்காதே என்பதே நடைமுறை. போட்டியில் முறுக்கி முடித்தபின் யாராவது வழிமறித்துப் பேச்சுக் கொடுத்தால் இவர்கள் முகம் மாறுவதை இனிமேல் நான் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

உச்சத்திலிருந்து உடனே பறக்கவிடுவதும் இல்லை. முழு முறுக்கில் இருக்கும் முதல் வேகம் விமானத்தைக் கூரையில் கொண்டுபோய் மோதும். அதனால் சில பத்துச் சுற்றுகளைத் திருப்பி இறக்குகிறார்கள். ஏற்றிவிட்டு ஏன் இறக்க வேண்டும், முதலிலேயே குறைவாக ஏற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் தன் குறிப்பேட்டில் ஒரு வரைபடம் காட்டினார். ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதற்குக் கீழே வேறொரு கோடு. மீட்டரில் ஒரே எண்ணைப் பார்த்தாலும், மேலேயிருந்து இறங்கிவந்த ரப்பரில் சுற்றுகள் கூடுதலாக இருக்கும். கூரை அனுமதிக்கும் விசை இவ்வளவுதான் என்றால், அந்த விசையில் அதிகச் சுற்றுகள் கிடைக்கும் வழி அது. அமெரிக்காவின் இந்தியானாவில் வெஸ்ட் பேடன் ஓட்டலின் குவிமாட மண்டபத்தில், 2018 உலகப் போட்டி நடந்த இடத்தில், கூரை இந்தச் சுரங்கத்தைவிட மிகத் தாழ்வு. அங்கே இன்னும் அதிகம் இறக்க வேண்டும்.

அடுத்துத்தான் எனக்குப் பெரிய குழப்பம் வந்தது. பெரியவர் ரப்பர் வளையங்களைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தார். சூடான ரப்பர் இளகும், அதிகச் சுற்று வாங்கும் என்றார். கஃப் சொன்னதோ சூடானால் ரப்பர் விறைப்பாகும் என்று. இரண்டில் எது சரி?

இரண்டும் சரி. கணக்குப் போட்டால், 12 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது தனிவெப்பநிலை 285இலிருந்து 308 கெல்வினுக்கு ஏறுகிறது. உலுக்கலால் வரும் விசை 8 சதவீதம் கூடும். ஆனால் குளிர்ந்த ரப்பரில் சங்கிலிகள் நழுவுவது கடினம். உள் உராய்வு கூடுதல். மேலும் 1925இல் காட்ஸ் என்ற ஆய்வாளர் எக்ஸ் கதிரில் கண்டது ஒன்று இருக்கிறது. இயற்கை ரப்பரை மிக நீட்டினால் வரிசைப்பட்ட சங்கிலிகள் அங்கங்கே படிகமாகின்றன. இழுப்பு தளர்ந்தால் படிகம் உருகிவிடும். குளிரில் இந்தப் படிகங்கள் முந்திக்கொண்டு தோன்றும். படிகமான பகுதி நீளாது, எனவே ரப்பர் சீக்கிரமே விறைத்து, எல்லை வந்துவிட்டது என்று கையை நிறுத்துகிறது. சூட்டில் அந்த எல்லை தள்ளிப்போகிறது. சிறிய நீட்டலில் கஃப் சொன்னது மேலோங்கும். அறுபடும் விளிம்புவரை போகிற முறுக்கில் படிகமும் உராய்வும் மேலோங்கும். பெரியவர் தன் உட்பையில் வைத்திருந்தது விளிம்புக்கான சூடு.

அந்தச் சூடு விமானத்தோடு மேலே போகாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் சட்டென்று ஆறிவிடும். பறக்கும் நேரமெல்லாம் அது 12 டிகிரி ரப்பர்தான். வெளியில் பறக்கும் எஃப்1பி வகையில் கதை வேறு. வேக்ஃபீல்டு கோப்பையின் வழிவந்த வகை அது. ரப்பர் 30 கிராம், பல இழைகள் சேர்ந்த தடித்த கட்டு. முறுக்கும்போது உள்ளே பிறந்த சூடு அவ்வளவு எளிதில் வெளியே வராது. அவிழ்வதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. காற்றிலிருந்து வெப்பம் வாங்க நேரம் போதாமல் ரப்பர் தானே குளிர்ந்து, விசை சரிகிறது. பனிக்காலத்துத் திடலில் அவர்கள் ரப்பரைச் சூடாக வைத்துக்கொள்ளப் படும் பாடு நியாயமானது.

ரப்பரின் பிறப்பையும் இவர்கள் மறப்பதில்லை. டான் சூப்பர் ஸ்போர்ட் என்ற அமெரிக்க ரப்பரைத்தான் இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன் வந்த டான் 2இல், 1999 மே மாதத்துத் தொகுதிக்கு ஈடு இல்லை என்பது பரவலான கருத்து. அதில் மீந்த துண்டுகளை இருட்டில், குளிர்ப்பெட்டியில், காற்றுப் புகாமல் காத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முறுக்குவதற்கு முன் இளஞ்சூடு, காத்துவைப்பதற்குக் குளிர். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே அக்கறையோடு செய்கிறார்.

பெண் விமானத்தை விட்டாள். எறியவில்லை, கையைக் கீழே எடுத்துக்கொண்டாள், அது காற்றில் நின்றது. புரொப்பெல்லர் சோம்பலாகச் சுழல, பெரிய வட்டமிட்டு உப்புச் சுவர்களின் பட்டைகளைத் தாண்டித் தாண்டி ஏறியது. சுவர்ப்பக்கம் ஒதுங்கியபோது ஒருவர் நூலில் கட்டிய ஹீலியம் பலூனை உயர்த்தி, நூலால் மெல்லத் தொட்டு நடுவுக்குத் திருப்பினார். விதி அதை அனுமதிக்கிறது. 1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ பாரிசின் டுய்லரி தோட்டத்தில் முறுக்கிய ரப்பரால் ஒரு மாதிரியைப் பறக்கவிட்டபோது அது காற்றில் நின்றது 11 விநாடி. அவருடைய வடிவத்தைப் பின்பற்றிய ஒரு பொம்மையை 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் தந்தை வாங்கித் தந்தார். பதினொரு விநாடியிலிருந்து அரை மணி நேரத்துக்கு வந்த தூரத்தில் பால்சாவுக்கும் படலத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பாதிப் புகழாவது முறுக்கத் தெரிந்த கைகளுக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேலே ஏறும் வேனில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஊர் மண்டபங்களில் சித்திரை மாதம் என்ன வெப்பம் என்று கேட்டார். பகலில் 38 டிகிரிகூடப் போகும், விடியற்காலையில் 27 இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நிறையச் சுற்று வாங்கும். ஆனால் முறுக்கிய பிறகு சீக்கிரம் தளரும், ரப்பருக்கும் சீக்கிரம் வயதாகும்" என்றார். பிறகு ஓர் உறையிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்துக் கொடுத்தார், ஒரே வாரிலிருந்து வெட்டியவை, ஒரே எடை. ஒன்றை விடியலில் முறுக்க வேண்டும், இன்னொன்றை உச்சிவெயிலில். நீட்டல், சுற்றும் வேகம், எண்ணெய் எதையும் மாற்றக்கூடாது. முறுக்கி முடித்ததிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைக் குறிக்க வேண்டும்.

"அறுந்தாலும் பரவாயில்லை, எந்தச் சுற்றில் அறுந்தது என்று எழுதுங்கள்" என்றார். "இவற்றோடு பிறந்த வளையம் 12 டிகிரியில் இன்று எவ்வளவு தாங்கியது என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் எண்களை ஒட்டிவைக்கிறேன்."